ஏழு தரம் கழுவிய பாவாடை

மட்டக்களப்பு வாவியோரத்தில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஸாதியா பொறுமைசாலி என்று யாரும் சொன்னதில்லை. போன புதன்கிழமையோடு இருந்த கொஞ்சப் பொறுமையும் போய்விட்டது.

அன்று ஓத வந்த ஸாஹிரின் மகள் அப்ரா, கால் கழுவ வாவிக்குள் இறங்கிவிட்டாள். கரையோரச் சதுப்பில் நின்ற கண்ணா மரங்களுக்கடியில் முதலை கிடந்தது. அதைக் கண்டது ஸாதியாவின் வாசல் படலைக்கு வெளியே சோறு தின்று கிடக்கும் தெருநாய் கறுப்பி. பாய்ந்து போய்ப் பிள்ளையின் பாவாடையைக் கவ்விக் கரைக்கு இழுத்துப் போட்டது. ஸாதியா ஓடிப்போய்ப் பார்த்தபோது பிள்ளை நின்ற இடத்தில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது.

ஊர் என்ன செய்தது? நாயின் வாய் பட்டதென்று பாவாடையை ஏழு தரம் கழுவியது, ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். மார்க்கம் சொன்ன கழுவல்தான், அதில் ஸாதியாவுக்குக் குறையில்லை. முதலையைப் பற்றி ஒரு வாயும் பேசவில்லையே, அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளி காலை ஸாஹிரே வந்து படலைக்கு வெளியே நின்றான். பள்ளிவாசல் கமிட்டியில் பேசியாயிற்றாம். நாயை விரட்டாவிட்டால் இருபத்திரண்டு பிள்ளைகளையும் வேறிடத்துக்கு ஓத அனுப்புவார்களாம். பதினாறு வருடம் ஓதிக்கொடுத்த முற்றம். அது போனால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

வெள்ளிதோறும் ஊரே ஓதும் கஹ்ஃப் சூறாவை, குர்ஆனின் அந்தக் குகை அத்தியாயத்தை, ஓதிவிட்டானா என்று கேட்டாள். ஓதியதாகச் சொன்னான்.

"குகைக்குள்ள ஒளிச்ச ஆக்கள் எத்தின பேர் தம்பி? மூணு பேர், நாலாவது நாய் எண்டாங்க. அஞ்சு பேர், ஆறாவது நாய் எண்டாங்க. ஏழு பேர், எட்டாவது நாய் எண்டாங்க. ஆக்கள்ற கணக்கிலதான் சண்டை. நாய ஒருத்தரும் விடல்ல. அது வாசல்ல கால நீட்டிப் படுத்திருந்தத அல்லாஹ்வே சொல்லி வெச்சிருக்கான். நான் எப்படி விரட்டுற?"

அது அந்தக் காலத்து நாய், இது தெருநாய் என்றான் ஸாஹிர். அதுவும் ஊருக்குப் பயந்து ஓடியவர்களோடு போன நாய்தான் என்று சொல்லிப் படலையைச் சாத்தினாள்.

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பிள்ளைகள்தான் வந்தார்கள். மற்றப் பாய்கள் வெறுமையாகக் கிடந்தன. ஸாதியா ஓதத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் அப்ரா வந்தாள், கழுவிக் கழுவி நிறம் போன அதே பாவாடையோடு.

அவளைத் தேடிக்கொண்டு பின்னால் ஸாஹிர் வந்தான். படலையடியில் கறுப்பி முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்தது. தாண்டி வர அவனுக்குத் துணிவில்லை. நின்ற இடத்திலிருந்தே, இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டான்.

"மூணு பேர்," என்றாள் ஸாதியா. "நாலாவது நாய்."