எண்ணூற்று நாற்பது டப்பாக்கள்

அந்தப் பட்டன் கடையில் எண்ணூற்று நாற்பது டப்பாக்கள். எதில் எது என்று தெரிந்த ஒரே ஆள் கடைக்காரரின் மனைவி. "நாலு ஓட்டை, சாம்பல் கலர்" என்று கேட்டு முடிப்பதற்குள் ஏணியில் ஏறியிருப்பாள். கடைக்காரருக்குக் கைவந்தது பேச்சு மட்டும்தான். கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம், "நீ இருக்கும்போது அது எதுக்கும்மா?" என்று மழுப்பிவிடுவார்.

மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. ஒரு மாதம் என்று சொல்லி, மனைவி பெட்டியோடு மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

முதல் நாள் அவளுக்குப் பதினாறு முறை போன் செய்தார். மறுநாள் இருபது. மூன்றாம் நாள் காலை, யூனிஃபார்ம் தைக்கும் பட்டறை நடத்தும் ஓர் அம்மா வந்தார். பத்து வருஷ வாடிக்கை. நர்ஸ் கோட்டுக்கு நீலப் பட்டன் வேண்டும். மனைவி போனை எடுக்கவில்லை. பிரசவ அறை வாசலில் இருந்தாள். கடைக்காரர் முக்கால் மணி நேரம் கடையைக் குடைந்து, ஒரு டப்பாவைத் தரையில் கொட்டியதுதான் மிச்சம்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த தெருக் கடையில போன்லயே படம் அனுப்புறாங்க. மெஷினை விட்டு எழுந்திரிக்காம வேலை முடியுது. இங்க வந்தா அரை நாள் போயிடுது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா படியிறங்கினார்.

மதியம் செய்தி வந்தது: பேத்தி! கடைக்காரர் காலையில் நடந்ததை மனைவியிடம் கொட்டித் தீர்த்தார்.

"தொண்டை கிழியச் சொன்னேனே! சரி, டப்பாவுக்கெல்லாம் நம்பர் ஒட்டுங்க. ஒவ்வொண்ணா படம் எடுத்து அனுப்புங்க. பாப்பா தூங்குறப்ப நான் பட்டியல் போடுறேன்" என்றாள்.

எடுத்தார். முதல் ஐம்பது படங்களிலும் அவர் விரல் விழுந்திருந்தது.

"என்னங்க, உங்க கட்டை விரலை யாரு வாங்கப் போறா?"

பத்தாவது நாள் பட்டியல் தயார். மகள் அதைப் போனில் எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு பக்கமாகப் போட்டுக்கொடுத்தாள். தெரிந்த தையல்காரர் அத்தனை பேருக்கும் கடைக்காரர் அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் பட்டறை அம்மாவிடமிருந்து பதில்: "எண்பத்தெட்டாம் நம்பர், அறுநூறு பட்டன். ஆள் அனுப்புறேன் அண்ணே." அவர் துள்ளாத குறைதான்.

அன்று சாயங்காலம் முன்பின் தெரியாத ஒருவர் அழைத்தார். நாடகக் குழுவுக்கு உடை தைப்பவராம்; யாரோ ஒரு தையல்காரர் அவருக்குப் பட்டியலை அனுப்பியிருந்தார்.

"சார், அறுநூற்றுப் பன்னிரண்டுல இருக்கிற பித்தளைப் பட்டன் நாற்பது கிடைக்குமா? ஊரெல்லாம் தேடிட்டேன் சார், ரெண்டு மணி நேரத்துல நாடகம்!"

அப்படியொரு பட்டன் தன் கடையில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஏணியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். மேல் வரிசை, இடது பக்கம். நம்பர் இருந்தது. டப்பாவும் இருந்தது. ஒவ்வொன்றாக எண்ணினார். நாற்பத்து மூணு!

"இருக்கு சார், இருக்கு! வாங்க!"

உடனே மனைவிக்குப் போன் போட்டார். "நானே எடுத்தேன்! ஒரே நிமிஷம்!"

"மெதுவாப் பேசுங்க, பாப்பா முழிச்சிடும்."

அவர் குரலைத் தாழ்த்தி, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். அவள் சிரித்தாள்.

"அப்போ நான் இன்னும் ஒரு மாசம் இங்க இருந்துட்டு வரட்டுமா?"

"தாராளமா இரு. ஆனா ஒண்ணு, தினமும் பாப்பா படம் வரணும். உன் விரல் விழாம!"

பேச்சு முடிவதற்குள் போனில் அடுத்த ஆர்டர் வந்து விழுந்தது. அவர் மறுபடி ஏணியில் ஏறினார்.