குடை பிடித்த தவளையும் இரவல் பிள்ளைகளும்

சமீராவின் வகுப்பு தொடங்கிவிட்டால் அந்தமானில் எங்கள் டாலிகஞ்ச் கிளிகளெல்லாம் கடல் தாண்டி ஹேவ்லாக் தீவுப் பக்கம் பறந்துவிடும். அத்தனை இரைச்சலில் அவற்றின் பேச்சு எடுபடாது.

கடலில் தத்தளித்த படகிலிருந்து மீட்டு, இங்கே முகாமில் தங்கவைத்த ரோஹிங்கியாப் பிள்ளைகள்தான் அவள் வகுப்பு. காலை ஹிந்தி வகுப்பில் உப்பு மூட்டைகளாக உட்கார்ந்திருப்பார்கள். மதியம் சமீரா தங்கள் பாஷையில் கணக்கும் கதையும் தொடங்கினால், கூரைத் தகரம் நாலு அங்குலம் எழும்பி இறங்கும். என் கண்ணால் பார்த்தேன். சமீராவும் அதே படகில் வந்தவள்தான். அவள் மகன் யூசுஃப் கரையேறிய பிறகு முதன்முதலாக வாய் திறந்தது அந்த அறையில்.

மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்த அதிகாரி சிவபிரகாஷுக்கு அது பிடிக்கவில்லை. முகாமில் ஒத்தாசைக்குப் போய்வரும் என்னிடம் பொரிந்தார்.

"பாஷை பாஷைன்னு தனியா உக்கார வச்சா, இதுங்க எப்ப சார் ஊரோட பழகும்? வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன். பெஞ்சு காலியா இருந்தா ரூம்ல தார்ப்பாய் அடுக்கிடுவேன்."

வியாழனன்று முகாமுக்குள் பொன்னுக்கு வீங்கி புகுந்தது. பிள்ளைகளின் கன்னங்கள் வாசலில் நுழைய முடியாத அளவுக்கு வீங்கின. தப்பியது யூசுஃபும் இன்னும் இரண்டு பேரும்தான்.

"சாச்சா, ரூம் பந்த் ஆயிடும். யூசுஃப் மறுபடியும் வாயை மூடிக்குவான்" என்றாள் சமீரா, தீவு ஹிந்தியில்.

"ஆகாது மகளே" என்றேன். துறைமுகத்தில் ரிட்டயர் ஆனவனுக்குச் சரக்கு ஏற்றி இறக்கத் தெரியாதா?

நேரே சுரேந்திரன் வீட்டுக்குப் போனேன். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அவர் மகள் பானுதான் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் தலைவி.

"பானும்மா, நாளைக்கு நீங்கல்லாம் ரோஹிங்கியாப் பிள்ளைங்க. பெஞ்சுல உக்காந்தா போதும். வாயத் தொறக்காம இருந்தா லட்டு."

"ரெண்டு லட்டுன்னா மூக்கையும் மூடிக்கிறேன் தாத்தா."

வெள்ளிக்கிழமை பெஞ்சு பிதுங்கியது. சிவபிரகாஷ் முன்வரிசையில் உட்கார்ந்தார். சமீரா கதை சொன்னாள், பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். என் இரவல் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தது கண்டு, 'என்ன நடிப்பு!' என்று எனக்குப் புல்லரித்தது. அதிகாரி மட்டும் திருதிருவென விழித்தார். பானுவுக்கு அது பொறுக்கவில்லை.

"வெளங்கலையா சேர்? தவளைக்குச் சளி. அதான் மழையில குடை பிடிச்சிட்டுப் போவுது."

பூமி பிளக்காதா என்று பார்த்தேன். மற்ற நாளெல்லாம் நிலநடுக்கத்தில் ஆடுகிற அந்தமான், அன்றைக்கென்று அசையவே இல்லை.

"நீ தமிழா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க சேர், சுரேந்திரன் மக. பெஞ்சை ரொப்பத்தான் தாத்தா கூட்டியாந்தாரு."

அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு குடம் தண்ணீர் கொதித்திருக்கும். பிறகு அவளிடம் திரும்பினார்.

"இந்தப் பாஷை உனக்கு எப்படித் தெரியும்?"

"யூசுஃபும் நாங்களும் தெனம் வெளையாடுறோமே. இந்தக் கதையெல்லாம் ஜன்னல்ல தொங்கிக்கிட்டுக் கேப்போம். தாத்தாவுக்குத்தான் தெரியாது."

சமீரா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். சிவபிரகாஷ் ஜன்னலைப் பார்த்தார். கம்பிகளுக்குக் கீழே சுவரெல்லாம் குட்டிக் கால்களின் சேற்றுத் தடம்.

"ஊரோட பழகாதுங்கன்னு சொன்னேன். ஊரே இங்க வந்து தொங்குதா?" மீசைக்குள் சிரித்தார். "சரி, தார்ப்பாய்க்கு வேற எடம் பாக்கறேன். அந்தத் தவளை அப்புறம் என்ன ஆச்சு?"

சமீரா வாய் திறப்பதற்குள் யூசுஃப் துள்ளி எழுந்தான். அவன் தவளையாகவே மாறித் தாவித் தாவிச் சொல்ல, பானு மூச்சுவிடாமல் தமிழில் கொட்டினாள். அதிகாரி சிரித்த சிரிப்பில் தகரம் ஒரு முழம் எழும்பியது.

வாசலில் பானு கையை நீட்டினாள்.

"வாயத் தொறந்துட்டியே, லட்டு ஏது?" என்றேன்.

உடனே யூசுஃப் அவளுக்காகக் கையை ஆட்டி ஆட்டி, தன் பாஷையில் ஒரு ஹைகோர்ட்டே நடத்தினான். ஒரு சொல்கூடப் புரியவில்லை எனக்கு. ரெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டாகக் கொடுத்துவிட்டேன்.