மூன்றாம் தொகுப்பில் இல்லாத ஏழாவது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் எண்ணிக்கையிலிருந்து வந்தது. உலகமே அறிந்த ராக் குழு ஒன்றின் பேஸ் கிட்டார்காரர் தனியாக நான்கு இசைத்தொகுப்புகள் வெளியிட்டிருக்கிறார். அவற்றைப் பற்றிக் கட்டுரை வேண்டுமென்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். நான் எதையும் வரிசையாகச் செய்கிறவன். நோட்டில் கோடு போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

முதல் தொகுப்பில் அவரே பாடுகிறார், பாடியிருக்க வேண்டாம். இரண்டாவது, குழுவோடு சண்டை போட்ட வருடத்தில் வந்தது. ஒவ்வொரு பாடலும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. மூன்றாவதில் குரலே இல்லை, தடித்த நான்கு கம்பிகள் மட்டும். அதில் ஆறு உருப்படிகள்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் இதே பத்திரிகையில், இதே மூன்றாம் தொகுப்பைப் பற்றி எழுதிய விமர்சனத்தில் நான் ஏழு என்று எழுதியிருக்கிறேன். ஏழாவதைத்தான் அதிகம் திட்டியிருக்கிறேன்.

(நான்காவதை இன்னும் கேட்கவில்லை.)

2

தொடக்கம், முதல் வரைவு: “பேஸ் வாசிப்பவர்கள் மேடையில் எப்போதும் வெளிச்சம் குறைவாக விழும் இடத்தில் நின்று…”

வேண்டாம். எல்லோரும் படும் பரிதாபம் இது. அவர்களுக்கே சலித்திருக்கும்.

இரண்டாம் வரைவு: “என் தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக்.”

இது நிற்கும். மச்சான் அந்தக் காலத்தில் வார இறுதிகளில் ஒரு சின்னக் குழுவில் பேஸ் வாசித்தார். ஒத்திகை அவர் வீட்டுப் பின்னறையில். வாரம் தவறாமல் போய் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. கருத்துச் சொல்லத் தெரியும்.*

மூன்றாம் தொகுப்பைக் கேசட்டில் பதிந்து தந்தவர் அவர்தான். கேசட் அறுபது நிமிடம், தொகுப்பு ஐம்பத்திரண்டு. மிச்சம் விட்டுக் கேசட் தருவது அவருக்குப் பிடிக்காது. எதையாவது போட்டு நிரப்பி, அது யாருடையது என்று உறையில் எழுதிவிடுவார். இந்த முறை எட்டு நிமிடத்துக்குத் தானே வாசித்து நிரப்பியிருக்கிறார். உறையில் மட்டும் எழுதவில்லை.

* விமர்சகன் ஆவதற்கு இதற்கு மேல் தகுதி தேவைப்படவில்லை.

3

நான் எழுதியது, ஓர் எழுத்தும் மாற்றாமல்: “ஏழாவதில் இவர் சாயம் வெளுக்கிறது. பின்னால் நின்றே பழகியவரை முன்னால் நிறுத்தினால் இதுதான் நடக்கும். நடுவில் ஒரு கதவு கிரீச்சிடுகிறது, மலிவான உத்தி.”

பழைய கேசட்டைத் தேடி எடுத்து மூன்று முறை கேட்டுவிட்டேன். அது தங்கை வீட்டுப் பின்னறைக் கதவு. ஒவ்வொரு வாரமும் நான் தள்ளித் திறந்த கதவு.

4

மச்சான் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத் தங்கையைக் கூப்பிட்டேன். அதை இதைப் பேசிவிட்டு, அந்த பேஸ் கிட்டார் இப்போது எங்கே இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவளிடம் என் சாமர்த்தியம் எந்தக் காலத்திலும் செல்லுபடியானதில்லை.

“இப்பதான் தெரிஞ்சுதா உனக்கு?” என்றாள்.

விமர்சனம் வந்த மாதமே அதைக் குழுவில் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். என்னிடம் முதுகுவலி என்றார். நம்பினேன். லிஃப்ட் வேலையில் முதுகுவலி வராதா என்ன?

“கேசட்ட உன்கிட்ட குடுத்துட்டு மூணு வாரம் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. குளிக்கப் போனாகூட, ‘உங்கண்ணன் கூப்ட்டா கதவத் தட்டு’ன்னு சொல்லிட்டுத்தான் போவாரு. நீ கூப்பிடல. பத்திரிகைதான் வந்துச்சு.”

அவருடையது என்று தெரிந்தேதான் எழுதினேன் என அவர் நினைக்கிறாரா என்று கேட்டேன். அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள்.

“தெரிஞ்சு எழுதினியா, தெரியாம எழுதினியா?”

“சத்தியமா தெரியாது.”

“அப்படின்னா அது இன்னும் மோசம்ணா.”

5

தெரிந்து எழுதியிருந்தால் நான் துரோகி. தெரியாமல் என்றால், வாரா வாரம் எதிரே உட்கார்ந்து கேட்ட கையை அடையாளம் தெரியாத செவிடன். இந்த இரண்டில் எது என்று முடிவு செய்யாமலேயே இருபத்தாறு வருடம் அந்த மனிதர் என் வீட்டுக்கு வந்திருக்கிறார், என் மின்விசிறியைக் கழற்றி மாட்டியிருக்கிறார், என் பிள்ளைகளின் கல்யாணங்களில் பந்தியைக் கவனித்திருக்கிறார். நான் என்னவோ பெரிய மனிதரை அடிப்பதாக நினைத்துக் கை ஓங்கினேன். பெரிய மனிதருக்கு அது எட்டவே இல்லை.

சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. மச்சான் சிரிக்கிறார். “விடு மாப்ள, பழைய கதை.” (இப்படித்தான் சொல்வார். அதனாலேயே நம்ப முடியவில்லை.)

ஆ. மறுபடியும் ஒரு கிட்டாரைக் கையில் எடுத்து அவர்… (எடுக்க மாட்டார். விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன.)

இ. அந்த ஏழாவது மகத்தானது என்று நான் இப்போது கண்டுகொள்கிறேன்.

ஆசிரியருக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் மூன்று முறை கேட்டேன் என்றேனே. கடைசி இரண்டு நிமிடம் இழுவைதான். அன்று எழுதியதில் அவ்வளவு சரி. முதல் ஆறு நிமிடம் அப்படி இல்லை. அதைப் பற்றி அன்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

6

மச்சான் இந்தப் பத்திரிகையை இன்னும் வாங்குகிறார். நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால் அவரும் வாசித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே முடிவு என் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. நீங்கள் உங்களுக்குப் பிடித்த ஒன்றை வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது உதவாது.

இதழ் வந்த நாளிலிருந்து மூன்று வாரம் போன் பக்கத்திலேயே இருப்பேன். குளிக்கப் போனால் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போவேன். அவர் கூப்பிட்டால் என்ன பேசுவது என்பதற்கும் வரைவு எழுதிப் பார்த்தேன். பதினோரு வரைவுகள். எல்லாம் ஒரே இடத்தில் நிற்கின்றன:

“மச்சான், அந்த முதல் ஆறு நிமிஷம்…”