காரை பூசிய குழாய்

வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன அந்தச் சுரங்கக் குடியிருப்பை விடுதியாக மாற்றப் போகிறார்கள். கட்டடங்களை அளந்து வரைபடம் தரும் வேலை பொறியாளரான அவளுக்கு. ஜீப் ஓட்டி வந்தவன் அவள் கொழுந்தன்.

"காலரா வந்துச்சும்மா. துரைமாரு, கூலிக்காரங்க எல்லாரும் போட்டது போட்டபடி ஓடிட்டாங்க," என்றார் காவல்காரர். மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போலிருந்தது.

துரைமார் பங்களாக்களில் கதவுகளே இல்லை. கீல்களின் திருகாணிகளைக்கூடப் பக்குவமாகக் கழற்றியிருந்தார்கள்.

"திருட்டுப் போயிருக்கும் அண்ணி," என்றான் கொழுந்தன்.

"திருடன் பேத்துதான் எடுப்பான். மரத்துல ஒரு கீறல்கூட இல்லையே. இது சாவகாசமா வீடு மாத்தினவங்க வேலை."

கூலிகளின் வரிசை வீடுகளில் கதை வேறு. அடுப்புமேல் சட்டி துருவேறிக் கிடந்தது. கொடியில் துணி மட்கித் தொங்கியது. ஓடியவர்கள் இவர்கள் மட்டும்தான். ஒரே ஊரில் வந்த நோய் ஆள் பார்த்தா வந்தது?

பங்களாக்களுக்குப் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டிக்கு அவள் நடந்தாள். கொழுந்தனும் பின்னால் வந்தான். காவல்காரர் முன்னால் ஓடிவந்து மறித்தார்.

"அங்க பாம்பு இருக்கும்மா."

"இருந்தா இருக்கட்டும் அண்ணே."

தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் புறப்பட்டன. பங்களாக்களுக்குப் போனது திறந்திருந்தது. வரிசை வீடுகளுக்குப் போனதன் வாயில் காரை கெட்டியாகப் பூசப்பட்டிருந்தது.

அவள் காரையைத் தட்டிப் பார்த்தாள். காவல்காரர் தாமாகவே சொன்னார். "சுரங்கம் இடிஞ்சு ஆளுங்க செத்ததுக்கு நியாயம் கேட்டு கூலிக்காரங்க வேலைக்குப் போகல. பணிய வைக்கணும்னு துரைமாரு தண்ணிய அடைச்சாங்க. சனங்க சாக்கடை விழுற குட்டைத் தண்ணியக் குடிச்சாங்க. அப்புறம்தான் காலரா."

"இத ஏன் மறைச்சீங்க?"

"விடுதி கட்டுற முதலாளி அப்படித்தான் சொல்லச் சொன்னாரு. அதுவுமில்லாம..." அவர் காரையைப் பார்த்தார். "அடைச்ச கொத்தனார் எங்க கொள்ளுத்தாத்தா."

ஜீப் குடியிருப்பு வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் அவள் கைபேசி அடித்தது. முதலாளி. "அந்தப் பழைய குழாயெல்லாம் படத்துல எதுக்கும்மா? பெயர்த்துப் போட்டுடலாம்."

அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. காவல்காரரிடம் கைபேசி கிடையாது. அவள் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். கொழுந்தன் பாதையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"உங்க நல்லதுக்குத்தான் அண்ணி. அவருதான் எனக்கு நிரந்தரமா வண்டி வேலை போட்டுத் தரேன்னு..."

"வண்டிய நிறுத்து."

"அண்ணி, அண்ணன்கிட்ட மட்டும்..."

"உங்க அண்ணன்கிட்ட நானே பேசிக்கிறேன். நீ கிளம்பு."

அவள் இறங்கித் திரும்பி நடந்தாள். தொட்டியடியில் காவல்காரர் குந்தியிருந்தார். அவள் படமெடுக்கத் தொடங்கியதும் எழுந்து விலகப் போனவர், நின்றார். பிறகு அடைத்த குழாயின்மேல் கையை வைத்தார்.

"இந்தக் கையும் படத்துல விழட்டும்மா," என்றார்.