புரூலின் முக்காடு

பனிமுடி தரித்த மலைகள் அந்தியொளியில் சிவந்து நிற்க, நாரின் என்னும் ஆறு பாறைகளோடு முட்டி நுரைகக்கி ஓட, மேய்ந்த குதிரைகள் புழுதி கிளப்பிக் கீழிறங்கும் கூதிர்ப்பொழுதில், தொக்தொசுனின் மயிர்க்கூடாரத்தினின்று கொழுப்பு வேகும் மணம் எழுந்து பரந்தது. அன்பரே, உமக்கும் எமக்கும் அது நாவூறும் மணம். வாயிலில் நின்ற எசெனுக்கோ குடலைப் புரட்டும் நாற்றம்.

ஆப்கான் மலைகளில் ஈராண்டு போர்புரிந்து மீண்ட அவன், ஆங்குக் கண்டதை எவரிடமும் சொன்னதில்லை. சென்ற இளவேனில் விருந்தில், மாமனாராகிய தொக்தொசுன் அவனைச் சிறப்பித்து, வெந்த ஆட்டுத்தலையை முன்வைக்க, அதை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே ஓடிக் கக்கினான். ஊரார் முன் தலைகுனிந்த மாமனார், எசெனின் மனைவியாகிய தம் மகள் புரூலைத் தம்மோடே நிறுத்திக்கொண்டார். இன்று அதே அவையில் ஓர் ஆட்டுத்தலையை அறுத்துண்டால் மனைவி அவனோடு வருவாள், இல்லையேல் இல்லை என்பது அவர் விதித்த கட்டளை.

தட்டு வந்தது; எசென் கத்தியைக் கையிலெடுத்தான். அவிந்த கண்ணொன்று அவனையே நோக்கியது.

"அறுங்க மாப்ள," என்றார் தொக்தொசுன். "எத்தனை பேரச் சாய்ச்ச கை. ஒரு ஆட்டுத்தலைக்கா தயங்குது?"

சுற்றியிருந்தோர் சிரித்தனர். குண்டு பாயும் ஓசையை ஒருநாளும் கேட்டறியாதார், கொழுப்பு வழியும் வாயால் போரைப் பேசிச் சிரிக்கும் அச்சிரிப்பினும் அருவருப்பான பிறிதொன்றை யாம் கண்டதில்லை.

எசென் கத்தியைக் கீழே வைத்தான். "முடியல மாமா. குண்டு வெடிச்சதுல செதறிப்போன என் கூட்டாளி தலைய நான்தான் தேடி எடுத்து மூட்டையில போட்டேன். கண்ணு தொறந்தே இருந்துச்சு. எந்தத் தலையப் பாத்தாலும் அவன்தான் தெரியறான்."

அடுப்பருகே இருந்த புரூல் எழுந்து வந்து, மணமான பெண் தந்தைமுன் ஒருபோதும் களையாத முக்காட்டைக் களைந்து, ஆட்டுத்தலையின்மேல் போர்த்தினாள்.

"வெறுந்தலையோட நிக்கிறியே புள்ள, வெக்கமா இல்ல?" என்றார் தொக்தொசுன்.

"என்னாச்சுன்னு இத்தன நாளா இவர ஒரு வார்த்த கேக்காம இருந்தோமே, அதுதான்ப்பா வெக்கம்."

கிழவர் தம் வெண்கம்பளத் தொப்பியைக் கழற்றி மகளுக்கு அணிவித்து, தட்டைத் தாமே வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். "மாப்ளைக்கு ரொட்டி குடும்மா," என்றார்.

எசெனின் குமட்டல் அன்றோடு ஒழிந்ததென யாம் பொய் கூறோம். இருவரும் வீடுதிரும்பும் வழியிலேயே குதிரையினின்று இறங்கிக் குனிந்து கக்கினான். ஆயினும் இம்முறை அவன் நெற்றியைத் தாங்கிப் பிடிக்க ஒரு கை இருந்தது.