மூன்றாவது பிளக்

அந்தத் தெருவில் அவனுக்குக் காது என்றுதான் பெயர். எந்தக் கார் வந்தாலும் ஸ்க்ரூடிரைவர் முனையை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டவைத்துக் கேட்பான். கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவான். சொன்னபின் மாற்றமாட்டான். அவன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

அந்தக் காதுக்குத்தான் அன்று காலையில் சோதனை வந்தது. மனைவியின் அண்ணன் தன் காரைக் கொண்டுவந்து, அவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் பட்டறை வாசலில் நிறுத்தினார். இன்ஜின் டிக் டிக் என்றது. போன வாரம் இதே பட்டறையில் சர்வீஸ் ஆன வண்டி.

"சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன் மாப்ள. தங்கச்சி, உன் முடிவையும் அப்பவே சொல்லிடு" என்று சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு காதுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மச்சானுக்குச் சோபா, கட்டில் விற்கும் பெரிய கடை. தங்கை கையில் கிரீஸ் படிவது அவருக்கு ஆகாது. போன வாரம், இந்தக் காருக்கு ஸ்பார்க் பிளக் மாற்றிக்கொண்டிருந்தபோதுதான், கடைக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வரச்சொல்லிப் போனில் கூப்பிட்டார். அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். போகாதே என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். ஆனால் வந்தது வேறு. "போறதுன்னா போயேன். உன்னை யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

அதோடு சரி. வீட்டில் சாப்பாடு உண்டு, பேச்சு இல்லை. பட்டறையிலும் ஸ்பேனர்கள்தான் சத்தம் போட்டன. அவள் போய்விடுவாளோ என்ற பயம் அவனை விடவில்லை. இப்போது இந்த டிக் டிக் வேறு. சொந்தத் தங்கை வேலை பார்க்கும் இடத்திலேயே வண்டியைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஆனால், மச்சான் கையோடு அழைத்துப் போய்விடுவார்.

முதலில் ஆயிலைப் பார்த்தான். அளவு சரியாக இருந்தது, நிறமும் தேன் போல இருந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் டிக் டிக் வேகமானது, விட்டால் நிதானமானது. ஸ்க்ரூடிரைவரை ஊன்றி மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லாம் கேட்டான். எல்லா இடத்திலும் கேட்பது போலவும் இருந்தது, எங்கேயும் கேட்காதது போலவும் இருந்தது. கடைசியில் வால்வுதான் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, மேல்மூடியைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தான்.

அவள் ஓரமாக நின்று வேறொரு வண்டியின் ஃபில்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவது நின்றது. அவள் தட்டுவதை நிறுத்தினால் அவன் நினைப்பது தப்பு என்று அர்த்தம். இத்தனை வருடக் குடித்தனத்தில் அதுகூடத் தெரியாதா அவனுக்கு?

ஸ்பேனரைக் கீழே வைத்தான். கர்வத்தை விழுங்குவது கசப்பு மாத்திரையை மெல்லுவது போலத்தான் இருந்தது.

"நீ கொஞ்சம் கேட்டுப் பாரேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இன்ஜினை ஆறவிட்டாள். பிறகு சோப்புத் தண்ணீரைக் கலக்கி, ஒவ்வொரு பிளக்கின் அடியிலும் நாலு சொட்டு விட்டு, ஸ்டார்ட் பண்ணச்சொல்லி ஜாடை காட்டினாள். முதல் பிளக் சும்மா இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதன் அடியில் டிக் என்று சத்தம் வரும்போதெல்லாம் ஒரு நுரைக்குமிழி எழுந்து உடைந்தது. சரியாக முடுக்காத பிளக்கின் இடுக்கில் காற்று பீய்ச்சிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வால்வு பாவம், தன் பாட்டுக்கு இருந்தது.

அவள் டார்ச் அடித்தாள். இருவரும் ஒரே சமயத்தில் குனிந்ததில் தலைகள் முட்டிக்கொண்டன.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் முடுக்கியதை மற்றவர் முடுக்கிப் பார்த்து, அதன்மேல் அவளுடைய பழைய சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய பிளக்குகளில் பொட்டு இருந்தது. மூன்றாவதில் இல்லை. அதைக் கையால் திருகிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது. மீதியை அவள் முடித்திருப்பாள் என்று அவனும், அவன் முடித்திருப்பான் என்று அவளும் நினைத்துக்கொண்டார்கள். கேட்டால் வாய் முத்து உதிர்ந்துவிடும் என்று இருவரும் கேட்கவில்லை.

அவன் பிளக்கை முடுக்கினான். கைதான் வேலை செய்தது, கண் அவள் பக்கமே இருந்தது.

"நீ போயிட்டா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி ஆயிடும். போகாதே."

"இதைச் சொல்ல ஒரு பிளக் லூசாகணுமா?" என்றாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. ஸ்பேனரை வாங்கி, தானும் ஒருமுறை முடுக்கிப் பார்த்தாள்.

சாயங்காலம் மச்சான் வந்தார். பானெட்டுக்குள் தலையை நுழைத்து நெடுநேரம் கேட்டார். இன்ஜின் பசுமாடு அசைபோடுவது போல அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு, என்ன கோளாறு என்று கேட்டார்.

"எங்க தப்புதான் மச்சான். ஒரு பிளக்கை முடுக்காம விட்டுட்டோம்" என்றான் காது.

மச்சான் அதற்காகவே காத்திருந்தவர் போலத் தங்கையிடம் திரும்பினார். "பார்த்தியா? சரி, நீ என்ன முடிவு பண்ணினே?"

அவள் மூன்றாவது பிளக்கின் மேல் குனிந்து பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பிரஷ் காய்ந்துபோய் இழுத்தது. பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிப் பார்த்துவிட்டுக் கணவனிடம் நீட்டினாள்.

"இது தீர்ந்துபோச்சுங்க. கடைக்குப் போறப்ப ரெண்டு பாட்டிலா வாங்கிட்டு வந்துடுங்க."