பூனை மாடல்

என் தம்பி பேர்ல ஒரு பேஸ் கித்தார் கடைகளுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகுது. நான் அதைத் தொட்டதில்ல. தொடவும் மாட்டேன்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். கோவம்தான், வேறென்ன.

அவனை எல்லாரும் பூனைன்னுதான் கூப்பிடுவாங்க. மேடையில அவன் நடமாடறதே தெரியாது, வாசிப்பு மட்டும் காதுல விழும். பெரிய ஆளாயிட்டா கித்தார் கம்பெனிக்காரங்க தேடி வந்து, நீங்க வாசிக்கிற கித்தாரை அச்சு அசலா செஞ்சு உங்க கையெழுத்தோட விக்கறோம்பாங்க. அதுக்குப் பேருதான் சிக்னேச்சர் மாடல். பூனை மாடலும் அப்படி வந்ததுதான். அவன் பழைய கித்தாரோட மங்கின பச்சை, பெயின்ட் உதிர்ந்த இடம், கீறல் எல்லாத்தையும் புதுசுல அப்படியே போட்டிருக்கோம்னு விளம்பரம் வேற.

அந்தப் பழைய கித்தார் யாரோடது? என்னோடது. ஹோட்டல்ல சாயங்காலம் வாசிக்கிற குரூப்புல வருஷக்கணக்கா நான் வாசிச்சது. பொண்ணு பொறந்ததும், இடுப்புல குழந்தை, தோள்ல கித்தார்னு ரெண்டையும் சுமக்க முடியாம நானேதான் தம்பி கையில குடுத்தேன். மனசாரக் குடுத்தேன், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா ஒவ்வொரு பேட்டியிலயும், இது எங்க கிடைச்சதுன்னு கேட்டா, "ரொம்ப நாளா கூடவே இருக்கு"ன்னு சிரிச்சு மழுப்பிட்டுப் போறானே, அதுதான் எனக்கு ஆறவே இல்ல. எங்க அக்காவோடதுன்னு சொன்னா வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்? அவன் வாயால அதைக் கேக்கணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நான் கண்ணாடிக் கடையில கண்ணு டெஸ்ட் பண்றவ. நாள் பூரா லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, "ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?"ன்னு கேக்கறதுதான் பொழைப்பு. போன மாசம் ஒரு நர்ஸ் வந்தா. தலையை ஆட்டாம உக்காருன்னா, விரலால நாற்காலிக் கையில தாளம் போட்டுக்கிட்டே இருந்தா. பேச்சுக் குடுத்தப்பதான் தெரிஞ்சுது, அவங்க ஆஸ்பத்திரியில ஒரு குரூப் வெச்சிருக்காங்க, இவ டிரம்ஸ், பேஸுக்கு ஆளில்லாம அல்லாடறாங்க. "நான் வாசிப்பேன்"னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அப்புறம் விடுவாளா.

அப்படித்தான் நானும் வீட்டுக்காரரும் கித்தார் கடைக்குப் போனோம். அவர் பஸ் டிரைவர். பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தாலும் லீவு போட்டுட்டு வந்தார்.

கடைக்காரர் தங்கமான மனுஷன், ஆனா வாய் ஓயாது. என் கையளவைப் பாத்துட்டு ரெண்டு கித்தாரை எடுத்து வெச்சார். ஒண்ணு டீச்சர் மாடல். டீச்சர்ங்கறது ஒரு அம்மா, மேடைக்கு வரதுக்கு முன்னாடி கணக்கு சொல்லிக் குடுத்தவங்களாம். இன்னொண்ணு, வேற எது, பூனை மாடல். தலைப்பக்கம் ஒரு குட்டிப் பூனை படம்.

"அது வேண்டாம்"னேன்.

"கேக்காமலே வேண்டாம்னா எப்படி?"ன்னார் வீட்டுக்காரர். "உன் கடையில எவனாவது லென்ஸைப் போட்டுப் பாக்காம வேண்டாம்னா நீ விடுவியா?"

மனுஷன் மடக்கிட்டார். சரி, முறைப்படி பாத்துடலாம்னு நான் சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னேன். கடைக்காரர் ரெண்டுலயும் ஒரே வரியை வாசிக்கணும். சத்தம் வர ஆம்ப் பெட்டி ஒண்ணேதான், அதுல குமிழ் எல்லாம் ஒரே இடத்துல. கம்பி எப்ப மாத்தினதுன்னும் கேட்டுக்கிட்டேன். ஒண்ணுல புதுக் கம்பியும் ஒண்ணுல பழங்கம்பியும் கிடந்தா, நாம கேக்கறது கம்பியோட சத்தத்தை, கித்தாரோடதை இல்ல. ரெண்டும் ஒரே நாள் மாத்தினதுதான்னார்.

அவர் வாசிச்சு முடிச்சதும் வீட்டுக்காரர் என் குரல்லயே கேட்டார், "ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?"

"ரெண்டு."

வரிசையை மாத்தி மறுபடி வாசிக்கச் சொன்னார். இந்தத் தடவை ஒண்ணுன்னேன். திரும்பிப் பாத்தா, ரெண்டு தடவையும் நான் சொன்னது டீச்சர் மாடல். சத்தம் அடியில உருண்டையா, நுனியில பிசிறில்லாம இருந்துது. எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. தம்பி கித்தார் தோத்துதுன்னு அவ்வளவு அல்ப சந்தோஷம்.

"கையில வெச்சுப் பாத்துடு, அப்புறம் பில் போடச் சொல்லலாம்"னார் வீட்டுக்காரர். "ரெண்டையும்தான்."

டீச்சரைத் தோள்ல மாட்டினேன். எடை கம்மி, கழுத்து ஒல்லி, விரல் சிரமமில்லாம ஓடுச்சு. அதைக் கழட்டிட்டு, வேண்டா வெறுப்பா மத்ததை மாட்டினேன். கழுத்து தடி, என் கைக்கு அடங்கல. "பாத்தீங்களா"ன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்பதான் வலது கை தானா கித்தார் உடம்பு மேல போய் உக்காந்துது.

பெயின்ட் உதிர்ந்த இடம் சரியா என் முன்கைக்கு அடியில இருந்துது. தம்பி என்னை விட ஒரு முழம் உயரம், அவன் கை அங்க படவே படாது. குனிஞ்சு பாத்தேன். கம்பிக்குப் பக்கத்துல, பச்சை மேல கீறல். ஒத்தைக் கீறல் இல்ல, ஜோடி ஜோடியா, வளைஞ்சு வளைஞ்சு.

கடைக்காரர் ஆரம்பிச்சுட்டார். "அதுதான் மேடம் பூனை சாரோட ரகசியமே. மணிக்கட்டை இப்படி உரசி உரசி அடிப்பாராம், அப்பதான் அந்தச் சத்தம் வருமாம். பசங்க வாட்சைக் கட்டிக்கிட்டு அதே மாதிரி உரசிப் பழகறாங்க. வீடியோவுல பாடமே எடுக்கறாங்க."

என் வலது கையில ஒரே ஒரு வளையல், கல்யாணத்துக்கு முன்னாடி போட்டது. ரெண்டு ஓரமும் தூக்கினாப்புல இருக்கும். உடம்பு போட்டதுல இப்ப சோப்பு தேய்ச்சாலும் கழலாது. கையை மெதுவா கீழ இறக்கினேன். வளையலோட ரெண்டு ஓரமும் ரெண்டு கோட்டு மேல போய் அப்படியே பொருந்துச்சு. அடுத்த ஜோடியிலயும் பொருந்துச்சு.

வீட்டுக்காரர் வளையலைப் பாத்தார், கித்தாரைப் பாத்தார். வண்டியை ஓரங்கட்டற மாதிரி நிதானமா போனை எடுத்து, நம்பரைப் போட்டு, ஸ்பீக்கர்ல போட்டு கண்ணாடி மேஜை மேல வெச்சார்.

"சொல்லுங்க மாமா"ன்னான் தம்பி.

"உங்க அக்கா உன் கித்தாரை மாட்டிக்கிட்டு நிக்கறா."

"நெஜமாவா? பூனை மாடலையா?"

"ஆமாண்டா"ன்னேன். "இது என்னடா கீறல்?"

"பாத்துட்டியாக்கா." குரல் இறங்கிப் போச்சு. "கம்பெனிக்காரங்க அதை மட்டும் எடுத்துடலாம், அசிங்கமா இருக்குன்னாங்க. நான்தான் ஒரு கோடு குறைஞ்சாலும் கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்னேன். நீ எங்கயாவது எடுத்துப் பாத்தா தெரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன். நீ தொடவே மாட்டேன்னுட்ட."

"அதை வாயைத் தொறந்து சொல்றதுக்கு என்ன கேடு?"

"மொதல் பேட்டியில அவங்களா அது என் கித்தார்னு எழுதிட்டாங்க. நான் அப்ப வாயை மூடிட்டு இருந்துட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு வெக்கமா போச்சு. தப்புதான்கா."

கடைக்காரர் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னார். "சார், பூனை சாரா? அப்ப அந்த மணிக்கட்டு உரசல்..."

"உரசலும் இல்ல, ஒரு மண்ணும் இல்லங்க. அது எங்க அக்கா வளையல். அந்தக் கித்தாரே எங்க அக்காவோடதுதான். எனக்கு வாசிக்கக் குடுத்தாங்க."

சொல்லிட்டான். கேமரா இல்ல, மைக் இல்ல, கேட்டது கடைக்காரரும் என் வீட்டுக்காரரும்தான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வீட்டுக்காரர் கைக்குட்டையை நீட்டினார்.

"அக்கா, லைன்ல இருக்கியா? அப்ப அதையே எடுத்துக்கறியா? நான் கம்பெனியில சொல்றேன்."

மூக்கை உறிஞ்சிட்டு, "வேண்டாம். டீச்சர் மாடல் எடுத்துக்கறேன். உன்னோடது கழுத்து தடி"ன்னேன்.

"கழுத்து நான் மாத்தினதுக்கா. உன்னோடது எனக்கு ரொம்ப ஒல்லியா இருந்துது."

"அதான் தெரியுதே. மேடையில நீ வாசி, எனக்குச் சந்தோஷம்தான். நான் வாசிக்கறதுக்கு எனக்குத் தோதா ஒண்ணு வேணும்."

அவன் சிரிச்சான். சின்ன வயசுல சிரிச்ச மாதிரியே இருந்துது. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில வாசிக்கிறேன்னு சொன்னதும், வரேன்னான். வந்தா ஓரமா நில்லு, கூட்டம் உன்னைப் பாத்துட்டு என்னை விட்டுடும்னு சொல்லி வெச்சேன்.

கடைக்காரர் டீச்சர் மாடலைத் துடைச்சு உறையில போட்டுக்கிட்டிருந்தார். அப்ப ஒருத்தர் உள்ள வந்தார், கைநிறைய மோதிரம், ஏதோ பாண்டுல வாசிக்கிறவர் மாதிரி. நேரா பூனை மாடல்கிட்ட போய், கீறல் மேல விரலை ஓட்டினார்.

"இதுதானே அந்த உரசல்?"

கடைக்காரர் உறையோட ஜிப்பை இழுத்து மூடினார். அப்புறம் என்னைக் கையால காட்டினார்.

"இல்ல சார். இது அவரோட அக்கா வளையல். இதோ நிக்கறாங்க, அவங்ககிட்டயே கேளுங்க."